பச்சைக் களிம்பு

பாண்டீஸ்வரி வயர் முனையைச் சீவி முறுக்கி ஈயம் வைத்து ஒட்டினாள். சூடு ஆறியதும் டப்பாவிலிருந்து கிரீஸை விரலால் வழித்து, ஒட்டிய இடம் முழுக்க அப்பி, ஹோல்டருக்குள் செருகி மூடியைத் திருகினாள். படகின் இடப்பக்க லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடி, வலப்பக்கத்துக்குப் பச்சை. திருநகரைத் தாண்டி இருந்த அந்தத் தகரக் கொட்டகையிலிருந்து எல்லாம் கடற்கரை ஊர்களுக்குப் போயின. கிரீஸ் இல்லாவிட்டால் உப்புக்காற்று ஏறிச் செம்புக் கம்பியைத் தின்றுவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எதிரே சுந்தரவல்லியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முந்தின நாள் ஒரு லைட் திரும்பி வந்திருந்தது. கடலில் அது அணைந்துபோய், இருட்டில் வேறொரு படகு வந்து மோதி, ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். சூப்பர்வைசர் அழகுராஜா அதை எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டினான். கம்பி முழுக்க உப்பு அரித்துப் பூத்த பச்சைக் களிம்பு. கிரீஸ் இருந்த சுவடே இல்லை. வைக்காமல் மூடியவள் யாரென்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இரண்டு பேருமே வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாகச் சொன்னான். கிரீஸ் வைக்கும் மேஜையில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

தான் ஒன்றைக்கூட விட்டதில்லை என்பது பாண்டீஸ்வரிக்குத் தெரியும். அப்படியானால் வேறு யார்?

அவள் சுந்தரவல்லியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸைக் குறைவாக எடுப்பதுபோல் இருந்தது. கிட்னி போன புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாட்களில் சுந்தரவல்லி பரபரவென்று முடித்துவிட்டு ஓடுவாள். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சுந்தரவல்லி போனில் சௌராஷ்டிர பாஷையில் தணிந்த குரலில் பேசினாள். என்னக்கா ரகசியம் என்று பாண்டீஸ்வரி எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறாள். இன்றைக்கு மெல்லுவதை நிறுத்திக் காதுகொடுத்தாள். நடுவில் தன் பேர் வந்ததுபோல் இருந்தது. எழுந்து போகையில் சுந்தரவல்லியும் பாண்டீஸ்வரியின் கிரீஸ் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சாயந்திரம் அழகுராஜா பாண்டீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஒன்னைய வேலைய விட்டு அனுப்ப எனக்கு மனசில்ல. பாத்ததச் சொல்லு, போதும்."

"நான் எதையும் பாக்கலண்ணே."

அவன் நகராமல் நின்றான்.

"அக்கா கொஞ்சம் அவசரமா முடிப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல," என்றாள் பாண்டீஸ்வரி.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே சுந்தரவல்லியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடையோடு கேட்டருகே நின்றிருந்தவள், பாண்டீஸ்வரி வந்ததும் கேட்டாள்.

"ஒங்கிட்டயும் கேட்டாரா ஈஸ்வரி?"

"இல்லக்கா."

"எங்கிட்ட கேட்டாரு. அவ ஒழுங்காத்தான் வைப்பான்னு சொன்னேன்."

பாண்டீஸ்வரி அதையும் நம்பவில்லை.

அடுத்த வாரம் சரக்கு வண்டி வரத் தாமதமாகி, லைட் பெட்டிகள் வெயிலில் கிடந்தன. உள்ளே எடுத்து வைக்கப் பாண்டீஸ்வரி தூக்கியபோது கை வழுக்கியது. அட்டையின் அடிப்பாகம் எண்ணெயில் ஊறியிருந்தது. ஒரு லைட்டை எடுத்துத் திருகித் திறந்தாள். கிரீஸ் உருகி வடிந்து, கம்பி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாம் அவள் கையால் செய்தவை. இப்போது அந்த மேஜையில் அவள் ஒருத்திதான்.

உள்ளே போய் டப்பாவை முகர்ந்தாள். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் வாசம். டப்பாவை அழகுராஜாவிடம் கொண்டுபோனாள்.

"இது பழைய கிரீஸ் இல்லண்ணே. வெயிலுக்கே வடிஞ்சிருது."

"வெல கூடிப்போச்சுன்னு மொதலாளி மாத்தச் சொன்னாரு. மூணு மாசமாவே இதான். தொடச்சு வையி, வண்டி வந்துரும்."

"அப்ப வல்லியக்கா..."

"ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?"

அவன் மேஜையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து நீட்டினான். பெட்டிக்குப் பெட்டி யார் கைவேலை என்று தெரிய வேண்டுமாம், முதலாளி அச்சடித்து அனுப்பியிருக்கிறார். தாள் நிறைய ஒரே பேர்தான்: பாண்டீஸ்வரி.

வெளியே வந்து பழந்துணியால் பெட்டியைத் துடைத்து ஒன்றை ஒட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கில் அது நழுவியது. அழுத்திப் பிடித்தாள், மறுபடியும் நழுவியது. வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அழகுராஜா டேப் சுருளை அவள் பக்கம் உருட்டிவிட்டான். பாண்டீஸ்வரி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, தன் பேரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். பிறகு அடுத்த பெட்டியை இழுத்தாள்.