கம்பெனிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

ராயபுரத்து இறால் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு மூடி இல்லை என்று சூப்பர்வைசர் ஜெனி புகார் ரிஜிஸ்டரில் மூன்று முறை எழுதியிருந்தாள். நான்காம் முறை எழுதுவதற்குள் அந்த மெஷினில் வேலை செய்த ரெஜினாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

பத்தாம் நாள் மேனேஜர் பீம்ராவ் ஜெனியைக் கூப்பிட்டார். "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இங்கிலீஷ் நல்லா வரும்ல? அந்த ரெஜினாம்மாவே கம்பெனிக்கு எழுதின மாதிரி ஒரு லெட்டர் அடி."

மேஜைமேல் ஜெனியை வேலையில் நிரந்தரமாக்கும் ஆணை கிடந்தது. பெயரும் கையெழுத்தும் மட்டும் பாக்கி.

நடந்ததற்கு ரிக்ரெட் செய்கிறேன் என்று அடித்துக் கொடுத்தாள்.

பீம்ராவ் சிரித்தார். "எதிர் வீட்டுல எழவு விழுந்தாக்கூட ரிக்ரெட் பண்ணலாம்மா. தப்பு என்னுதுன்னு வரணும். அப்பாலஜைஸ்னு போடு. அப்பதான் நஷ்டஈடுன்னு கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது."

மாற்றினாள்.

"இதுல இசட் போட்டிருக்க. எஸ் போடு. அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு நெனச்சிருவாங்க."

அதையும் மாற்றினாள்.

கட்டுப்போட்ட கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு ரெஜினா வந்தாள். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா ஜெனிம்மா, எல்லாம் இங்கிலீஷா கீது?"

"மன்னிப்பு லெட்டர்க்கா."

"மூடி போடாம வுட்டதுக்கா? கம்பெனியே எங்கிட்ட மன்னிப்பு கேக்குதா?"

ஜெனி பீம்ராவைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா."

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து நாளா ஒருத்தரும் எட்டிப் பாக்கலியேன்னு வவுறு எரிஞ்சிகினு கெடந்தேன். இப்பதான் ஆறுச்சு."

அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனா பிடிக்கும் விரல்கள்தான் இல்லை. இடது கைப் பெருவிரலை நீட்டினாள். ஜெனி மை தடவி, கடிதத்தின் அடியில் வைத்து, கோடுகள் தெளிவாக விழும்வரை அழுத்தினாள்.

ரெஜினா கதவுவரை போய்த் திரும்பினாள். "சார், பரவால்ல சார். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

பீம்ராவ் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அவள் போனதும் கடிதத்தை ஃபைலில் வைத்தார். "அந்த ரிஜிஸ்டர் பழசாயிடுச்சு. நாளைக்குப் புதுசு போட்டுரு."

"சரி சார்."

ஆணையை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"உன் பேருக்கு என்னம்மா ஸ்பெல்லிங்?"

ஜெனி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.