சாய்த்து வைத்த கோடாலி

வெட்டாமலே ஒரு மரத்தின் வயதை உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. நான் ராமநாதபுரம் பக்கத்துக் கருவேலங்காட்டுக்காரன். ஏற்காட்டில், மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தொன்பதில், மேல்கோடியில் மிச்சமிருந்த சோலையை அழித்துவிட்டுச் சில்வர் ஓக் நடச் சொன்னார் முதலாளி. உச்சியில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் காப்பித் தோட்டம்தான். பழைய காடு என்று இருந்தது அந்தத் துண்டு மட்டும். மரங்களுக்குத் தாரில் நம்பர் போட்டவன் நான். மொத்தம் நாற்பத்தொன்று. மூன்று வாரத்தில் நாற்பது விழுந்துவிட்டன. வெயிலே பார்த்திராத தரை வெளுத்து, கால் வைத்தால் பொடிந்தது.

பெரிய மரத்தை வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம், வெட்ட வந்திருந்த மலைக்காரர்கள் கோடாலியை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் விழுந்து கிடந்தால் மரத்துக்குச் சம்மதமில்லை, தொடக்கூடாது. நாற்பது மரத்திலும் விழவில்லை. அவர்களின் மேஸ்திரி அம்மாசி கோடாலிக் காம்பை மண்ணில் ஆழப் பதித்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நின்றது ஊற்றுக்கு மேலே இருந்த நாவல் மரம். அதில் அவர் பதிக்கவில்லை. சும்மா சாய்த்தார்.

"விழுந்திருச்சுன்னா என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"போயிர வேண்டியதுதானுங்க. மொதலாளி சேலத்துலருந்து மிசினு கொண்டாந்துருவாரு. எங்க பதினோரு பேத்தையும் இனி காப்பிப்பழம் பறிக்கக்கூட கூப்புட மாட்டாராமா."

கீழே குடம் நிரப்பிக்கொண்டிருந்த அவர் மனைவி கண்ணாயி நிமிர்ந்தாள். "ஊத்து வத்துச்சுன்னா நான் கொடத்தோட ரைட்டரு ஊட்டுக்குத்தான் வருவேன். நம்பரு போட்டவரு அவருதானுங்களே."

"அவுரே அவுரு ஊர்ல தண்ணியில்லாமத்தான் புள்ள இங்க வந்துருக்காரு," என்றார் அம்மாசி.

மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் மரத்தடியிலேயே நின்றேன். விரலால் தொட்டால் போதும், கோடாலி விழுந்துவிடும். தொடவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அறைக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கோடாலி விழுந்து கிடந்தது. பதினோரு பேரும் பார்த்தார்கள். அம்மாசி குனிந்து அதை எடுத்து, வேட்டியில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, முதல் வெட்டு வெட்டினார்.