பூஜையில் இருந்த பதினோரு கத்திகள்

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த துளசிராமனின் நிழலுக்கு 1963ஆம் வருஷம் ஆடி இரண்டாம் செவ்வாய், காலை பதினொரு மணிக்கு இடது கை இல்லாமல் போயிற்று. கை இருந்தது, கையின் நிழல்தான் இல்லை. அப்போது அவர் கடை வாசலில் ஒரு பித்தளைத் தவலையை எடை போட்டுக்கொண்டிருந்தார். தரையில் தராசின் நிழல் பிடிப்பார் இல்லாமல் தானாகத் தொங்கியது. வாங்க வந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, எடை சரியாக இருக்குமா என்று மட்டும் கேட்டாள். கடைத்தெரு அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சித்திரையிலேயே காதின் நிழல் ஒன்று போயிருந்ததை அவர் தலைப்பாகை கட்டி மறைத்திருந்தார் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

காரணம் அவருடைய கத்திகள். சாம்பியன் ரீப்ஸில் முனிரத்தினம் என்ற கொல்லர், சுரங்கத்தில் பாறை குடைந்து தேய்ந்து ஏலத்துக்கு வரும் டிரில் கம்பியை அடித்துச் சமையல் கத்தி செய்வார். ஆளுக்கு அளவெடுத்துத்தான் செய்வார். கார்பைடு விளக்கை ஏற்றி, கையை விரித்து அசையாமல் பிடிக்கச் சொல்லி, சுவரில் விழும் நிழலைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து, அந்த நிழலுக்குத்தான் பிடி போடுவார். சதை வெயிலுக்கும் குளிருக்கும் மாறும், நிழல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் அனுபவம். சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த 1956இல் துளசிராமன் முதல் கத்தியை வாங்கினார். மனைவி சாரதாவின் வளையல்கள் இரண்டாவது, மூன்றாவது கத்திகளாயின. 1962க்குள் பதினொன்று சேர்ந்துவிட்டன: எலும்புக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று, தக்காளித் தோலுக்கு ஒன்று. வீட்டில் எலும்பு சமைப்பதில்லை. துளசிராமன் தன் ஆயுளில் ஒரு வெங்காயத்தை உரித்தவருமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தமில்லாத ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பீரோவைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பட்டுத்துணியில் எடுத்துக் காட்டுவார். அவர்கள் காபிக்காகப் பார்த்தார்கள்.

சாரதாவோ பல் போன அருவாமனையில் பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கத்தி கொடுங்கள் என்று அவள் கேட்டது 1962 ஆயுத பூஜையன்று. கத்திகளெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. “தொடாதே, பூஜையில இருக்குது” என்றார் துளசிராமன். சொன்னதும் அந்த வார்த்தை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமியன்று எடுத்து வேலையில் இறக்க வேண்டும் என்பது தங்கவயலில் கைக்குழந்தைக்கும் தெரியும். துளசிராமன் எடுக்கவில்லை. மறுநாளும் பூஜை, மறுமாதமும் பூஜை என்று, பீரோவுக்குள் தினம் ஒரு பூ போட்டு ஆயுத பூஜையை முடியவிடாமல் இழுத்துக்கொண்டே போனார். ஏழாவது மாதம் காதின் நிழல் போயிற்று, பத்தாவது மாதம் கையின் நிழல்.

“பட்டினி போட்டா இன்னா பண்ணும் மொதலாளி? அதுங்களுக்குத் தெரிஞ்சது உங்க நெழலு ஒண்ணுதான். அத்தான் வெட்டித் துன்னுது” என்றார் முனிரத்தினம். “ஆளுக்கொரு கத்தரிக்கா குடுங்க, அடங்கிடும்.” சாரதா அன்றே ஒரு கூடைக் கத்தரிக்காயோடு காத்திருந்தாள். துளசிராமன் ஒரு கத்தியை எடுத்தார். கத்தரிக்காயின் மேல் வைத்தார். கறை பிடிக்குமே என்று அலகைப் பார்த்தார். துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, நிழலால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். அடுத்த ஆறு வருஷத்தில் இரண்டு கால், தொந்தி, மூக்கு, வாய் என்று எல்லாம் போயின. தாங்கள் அளவெடுக்கப்பட்ட வலது கையை மட்டும் கத்திகள் விட்டுவைத்தன. கடைத்தெருவில் அவர் நடந்தால் அது ஒன்று மட்டும் நண்டு மாதிரி பக்கத்தில் ஓடிவரும். அவருக்கு அது போதும். அது இருக்கும்வரை இன்னொரு கத்திக்கு அளவு கொடுக்கலாம்.

இன்னொரு கத்தி மாரிகுப்பம் ஸ்டேஷனில் இருந்தது. அங்கே ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்கு வெங்காய போண்டா போடும் கங்கம்மாவிடம், பதினைந்து வருஷம் முன்பு முனிரத்தினம் அடித்துக்கொடுத்த கத்தி, சாணை பிடித்துப் பிடித்துப் பாதியாகி, பிறை மாதிரி வளைந்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து துளசிராமனுக்குச் சோறு இறங்கவில்லை. அதே மாதிரி தேய்ந்த கத்தி புதிதாக ஒன்று அடித்துத் தரும்படி முனிரத்தினத்திடம் கேட்டார். கொல்லர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “தேய்மானத்த நான் எங்கிருந்து அடிக்கிறது மொதலாளி?” பிறகு துளசிராமன் தினமும் சாயங்காலம் ரயிலேறிப் போய் கங்கம்மாவின் அடுப்புக்கு எதிரே நின்றார். “இன்னா மொதலாளி, போண்டாவா, கத்தியா? கத்தின்னா எட்டிப் போங்க, எண்ணெ தெறிக்கும்” என்பாள் அவள்.

1969 புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாரதா விளக்கேற்றித் திரும்பியபோது, சுவரில் அவள் கழுத்து நிழலில் தாலியின் நிழல் அறுந்து விழுந்தது. வலது கையைத் தவிர அவரில் தின்ன ஒன்றும் மிச்சமில்லாததால் கத்திகள் அவளிடம் வந்துவிட்டன. அவள் அழவில்லை. விஜயதசமி வரை பொறுத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவர் மாரிகுப்பம் போனதும் ஆட்டுக்கல் குழவியால் பீரோப் பூட்டை உடைத்து, பத்துக் கத்திகளைச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பத்துப் பெண்களுக்குக் கொடுத்தாள். பதினோராவதைத் தனக்கு வைத்துக்கொண்டு ஒரு கத்தரிக்காயை வெட்டினாள். சுவரில் விழுந்தது அவள் கையின் நிழல் இல்லை. துளசிராமனின் வலது கை அங்கே கத்தரிக்காய் வெட்டியது. அதே நிமிஷம் மாரிகுப்பம் பிளாட்பாரத்தில், கங்கம்மாவின் கத்தியைப் பார்த்து நீட்டிய அவர் கைக்குக் கீழே தரை வெறுமையாயிற்று.

லைனிலும் அப்படித்தான். ரத்தினம்மா வீட்டுச் சுவரில் அவர் காது கீரை நறுக்கியது. பார்வதம்மா வீட்டில் தொந்தி முருங்கைக்காய் வெட்டியது. வாய் போய்ச் சேர்ந்த வீட்டில் அது பேசாமல் வேலை பார்த்ததாகச் சொன்னார்கள். தாலியின் நிழல் மட்டும் திரும்பி வரவில்லை. சாரதா அதைத் தேடவும் இல்லை.

துளசிராமன் கத்திகளைத் திருப்பிக் கேட்டு லைனுக்குப் போனார். பத்துப் பெண்களும் அவரவர் கத்தியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து “இன்னா வோணும்?” என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டார். கடைசியாக, நிழல் கை இருக்கும் சுவரிலேயே பன்னிரண்டாவது கத்திக்கு அளவெடுக்க முனிரத்தினத்தை வீட்டுக்கு அழைத்துவந்தார். சாரதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் நிழல் கை ஓடிக்கொண்டிருந்தது. கொல்லர் சுண்ணாம்புக்கட்டியோடு பக்கத்தில் போய், “கொஞ்சம் நிறுத்துங்கம்மா” என்றார். நிறுத்தினாள். கை மறைந்துபோயிற்று. “சரி, வெட்டுங்க” என்றார். வெட்டினாள். கை வந்தது, ஆனால் ஒரு கோடு போட நிற்கவில்லை. மூன்று தரம் பார்த்துவிட்டு அவர் சுண்ணாம்புக்கட்டியை மடியில் கட்டிக்கொண்டார்.

“அதுக்கு வேலை இருக்குதுண்ணா” என்றாள் சாரதா, தலை நிமிராமல். பிறகு பூண்டுத் தட்டைப் புருஷன் பக்கம் காலால் தள்ளினாள். துளசிராமன் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.