முப்பத்தெட்டு கிலோ

காலை ஐந்து மணிக்கு அரிசி களைவேன். ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர். குழைந்ததும் மேலே உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றை வைப்பேன். பிறகு என் மனைவி சயோகோவைக் கைத்தாங்கலாக எடைக் கருவியில் நிறுத்துவேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் நாற்பது கிலோ. செப்டம்பரில் முப்பத்தெட்டரை.

வயிற்றுக் கட்டியை எடுக்க இருபத்தோராம் தேதி குறித்திருந்தார்கள். முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் உடம்பு தாங்காது, அறுவை சிகிச்சை கிடையாது என்றார் டாக்டர்.

எங்கள் ஊரில் நோயாளிக்குக் கஞ்சிதான். வேறு எதையும் யாரும் யோசிப்பதில்லை. அவள் ஒரு வேளைகூட மிச்சம் வைத்ததில்லை. அப்படியும் எடை இறங்கியது.

பதிமூன்றாம் தேதி, மருத்துவமனையின் உணவு ஆலோசகர் தெஷிமா அவள் சாப்பிட்டதை நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தார்.

"மூணு வேளையும் கஞ்சியா?"

"கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிடுறா."

"முக்காலுக்கு மேல தண்ணிதாங்க. ஒரு கிண்ணத்துல நூத்திமுப்பது கலோரி, ரெண்டு கிராம் புரதம். எத்தனை வாரமா?"

"ஆறு."

பேனாவை மூடினார். "முட்டை, டோஃபு, சால்மன் மீன். எல்லாத்துலயும் எள்ளெண்ணெய் ஊத்துங்க. எட்டு நாள் இருக்கு."

அன்றே தொடங்கினேன்.

"என்னை சுமோ மல்யுத்தத்துக்கு அனுப்பப் போறியா?" என்றாள் சயோகோ.

"ஆமா. வாயைத் திற. இன்னும் மூணு வாய்."

"ரெண்டு."

"மூணு."

மூன்றாவது வாய் அப்படியே வெளியே, துண்டில் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன்.

"கஞ்சி எனக்குச் சின்ன வயசுலேருந்தே பிடிக்காது, தெரியுமா?"

"அப்புறம் ஏன் வழிச்சுச் சாப்பிட்டே?"

"அஞ்சு மணிக்கே எழுந்து செஞ்சியே."

பதினெட்டாம் தேதி முப்பத்தேழு கிலோ தொள்ளாயிரம் கிராம். இருபதாம் தேதி முப்பத்தெட்டு நூறு. அன்று இரவு முழுக்க வாந்தி.

இருபத்தொன்று காலை, மருத்துவமனைத் தராசில் முப்பத்தேழு அறுநூறு. செவிலி அவளை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே எண். டாக்டர் தேதியை அடித்தார். வேறு தேதி எழுதவில்லை.

அக்டோபர் நான்காம் தேதி காலை, முட்டையைச் சுருட்டிப் பொரித்து, சிறு துண்டுகளாக்கிக் கட்டிலருகே கொண்டுபோனேன். அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பிடித்திருந்த என் மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நீ எளைச்சிருக்கே. இதை நீ சாப்பிடு."