கடைசியாகக் கூப்பிட்டது

"இனிமே அந்தப் பேரு என் காதுல விழக்கூடாது."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு, நான் இல்லாதப்ப சொல்லிக்கினு இருக்கக்கூடாது."

"யாரக் கூப்டப் போறேன் சுலோ? அப்படிக் கூப்ட இனிமே நமக்கு யாரு கீறாங்க?"

திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில், சுலோசனாவின் கணவர் கோவர்த்தனன் வேலை பார்த்த லாட்ஜின் பின்பக்க அறையில் பேசிக்கொண்டது. குழந்தை யசோதாவைக் காய்ச்சல் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. துவைத்த சின்னச் சட்டைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுலோசனா மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவர் குழந்தையைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயரைத்தான் வேண்டாமென்றாள். அதற்குப் பிறகு கிஷோர் பிறந்தான். சொந்த ஊரான விஜயபுரத்துக்குத் திரும்பி வந்து வேர்க்கடலை போட்டார்கள். மகன் வளர்ந்து குவைத்துக்கு டிரைவராகப் போனான், கூரை இருந்த இடத்தில் மாடி வீடு எழும்பியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்தப் பெயர் அவர் வாயில் வந்து அவள் கேட்டதில்லை.

இப்போது அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். கண்ணாடி மேல் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சுலோசனா.

"அண்ணி, கொஞ்சம் உள்ள வா."

நாகபூஷணம் கூப்பிட்டார். கணவரின் தம்பி, பக்கத்து வீடு. கடலை மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்கு அவளைக் கூட்டிப்போய்க் கதவைப் பாதி சாத்தினார்.

"பையன் வர்றதுக்குள்ள ஒண்ணு பேசிடணும்."

"சொல்லு நாகு."

"நேத்து நீ நகரிக்குப் போயிட்ட. வீட்ல இருந்தது அண்ணனும் உன் மருமவளும்தான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன். மாடிப் படியில சத்தம். 'வேணாம் மாமா, கீழ வாங்க, சொன்னா கேளுங்க'ன்னு அது கத்துது. அப்பறம் தடார்னு ஒரு சத்தம். ஓடியாந்தா, அண்ணன் தல அது மடியில கீது."

"நேத்தே சொன்னியே."

"ஒண்ண சொல்லல. அண்ணன் என்னப் பாத்தான். பாத்துட்டு 'தள்ளி... தள்ளி'ன்னான். ரெண்டு தபா. அதுக்கு மேல பேச்சு வரல. உசுரு போயிடுச்சு."

சுலோசனா மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தவறி விழுந்துட்டார்னு எல்லாருகிட்டயும் நீதான சொன்ன?"

"ஊரே நின்னுக்கினு இருந்துச்சு. அத்தினி பேரு எதிர்ல இன்னான்னு சொல்வேன்? ராவெல்லாம் கண்ண மூடல அண்ணி. எங்கண்ணன் கடேசியா எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கான். அத முழுங்கிட்டு நான் எப்படி அவனுக்குத் தோள் குடுப்பேன்? பையன் மெட்ராஸ்ல எறங்கினதும் சொல்லிடுவேன். அப்பறம் ஸ்டேஷனுக்குப் போறதா வேணாமான்னு அவன் சொல்லட்டும்."

"நான் மொதல்ல அவளக் கேக்கறேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லிடுமா?"

"பொய் சொன்னா எனக்குத் தெரியும். அவள உள்ள அனுப்பிட்டு நீ வெளிய இரு."

நாகபூஷணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். சின்ன வயதில் அண்ணன் தோளில் உட்கார்ந்து நகரிக்குப் போனவர். அவர் பொய் சொல்லமாட்டார்.

தரணி வந்தாள். நேற்றுக் கட்டிய அதே புடவை. இடுப்புப் பக்கம் கறை கறுத்துக் காய்ந்திருந்தது.

"கதவ சாத்து. தாப்பாளும் போடு."

போட்டாள்.

கல்யாணமாகி நாலு வருஷம். ஒருநாளும் சத்தம் போட்டுக்கொள்ளாத மாமியாரும் மருமகளும் என்று ஊரில் பேர். சண்டை போடுகிற அளவுக்குக்கூட இருவரும் நெருங்கியதில்லை என்பது சுலோசனாவுக்கு மட்டும் தெரியும்.

"எதுக்கு மாடிக்குப் போனாரு?"

"கடல காயுது இல்ல, பொரட்டிவுட."

"பொரட்டற கட்ட கொட்டாயிலயே சாஞ்சிக்கினு கீது. காலையில பாத்தேன்."

தரணி தரையைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"போன் பேசப் போனாரு அத்த. கீழ சிக்னல் எங்க கெடைக்குது."

"யாருக்கு போனு?"

"அவருக்குத்தான்."

"பெத்த புள்ளைக்குப் போன் பண்ண ஏறின மனுஷன எதுக்கு வேணாம் வேணாம்னு கத்தின?"

வெளியே யாரோ ஒரு பெண் புதிதாக வந்து ஒப்பாரியை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை சுலோசனா காத்திருந்தாள்.

"நாகு தப்பா சொல்ற ஆளு இல்ல. நீயும் தப்பான பொண்ணுன்னு இதுவரைக்கும் நான் நெனச்சதில்ல. ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு ஒடையணும். சொல்லு. தள்ளினியா?"

"இன்னாது?"

"கடேசியா அவரு சொன்னது நாகு காதுல விழுந்துக்கீது. தள்ளி, தள்ளின்னாராம்."

தரணி நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரிப்பதுபோல்தான் வாய் கோணியது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, மூட்டையில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தள்ளி இல்ல அத்த. தல்லி."

"இன்னா சொன்ன?"

"தல்லி. தெலுங்குல அம்மான்னு சொல்வாங்களே, அது. என்னத்தான் கூப்டாரு."

உள்ளறை முழுக்கக் கடலை மண்ணின் வாசனை.

"உன்ன அப்படிக் கூப்டுவாரா?"

"நீங்க இல்லாதப்போ மட்டும். வந்த புதுசுல எனக்கு ஜுரம். நீங்க புத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டீங்க. மாமாதான் கஞ்சி வச்சி எடுத்தாந்தாரு. 'லே தல்லி, எழுந்து ரெண்டு வாய் குடி'ன்னாரு. சொல்லிட்டு அவரே பயந்துட்டாரு. கதவு பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. 'உங்க அத்த எதிர்ல கூப்ட மாட்டேன், நீயும் சொல்லிடாத'ன்னாரு."

"ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேன். 'அவ தாங்க மாட்டா'ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

இதை இவள் இட்டுக்கட்டியிருக்க முடியாது. யசோதா என்று ஓர் அக்கா இருந்தாள் என்பது கிஷோருக்குத் தெரியும், அவளை அவர் என்னவென்று கூப்பிட்டார் என்பது அவனுக்குக்கூடத் தெரியாது. இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

திருச்சானூரில் பெண் குழந்தை என்றால் எல்லோருக்கும் தல்லிதான். கோயில் குளத்தங்கரையில் பூக்காரிகள் கூப்பிடுவார்கள், மொட்டை போட்டுக்கொண்டு வரும் யாத்திரைக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஆனால் இவர் கூப்பிடுகிற மாதிரி வராது. வேலை முடிந்து இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வரும்போதே, லாட்ஜ் நடையின் அந்தக் கோடியிலிருந்து, "ரா தல்லி" என்று வரச்சொல்லிக் கூப்பிடுவார். தமிழ்க்காரர் வாய்த் தெலுங்கு, லகரம் கொஞ்சம் அழுந்தி, ளகரம் மாதிரிதான் விழும். லாட்ஜ்காரம்மா கேலி செய்வாள். குழந்தை சாப்பாட்டுக் கையோடு ஓடும். அவர் சட்டை முழுக்கச் சோறு. அதைத் துவைக்கும்போது சுலோசனா முணுமுணுப்பாள். எவ்வளவு முணுமுணுத்திருக்கிறாள் அந்தச் சட்டைகளுக்காக.

இதைக் கேட்டுக் கோபம் வரும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அவள் வீட்டை விட்டு எப்போது வெளியே போவாள் என்று இந்த மனுஷன் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் தரையில் உட்கார்ந்தாள், மருமகளுக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி.

"அப்பறம் எதுக்குடி கத்தின?"

'டி' போட்டு அவள் கூப்பிட்டதே இல்லை. தரணி கண்ணைத் துடைத்தாள்.

"உங்க புள்ளய ஊருக்கே வந்துடச் சொல்லிக் கேக்கப் போறேன்னாரு மாமா. 'நீயும் கேக்க மாட்ட, உங்க அத்தயும் கேக்க மாட்டா, இன்னிக்கு நான் கேட்டுடறேன்'னு படியேறிட்டாரு. நான் சொல்லிக் குடுத்துதான் கேக்கறார்னு அவரு நெனச்சிட்டா? நீங்களும் அதான நெனப்பீங்க? வேணாம் மாமான்னு பின்னாடியே ஓடினேன். எனக்கு பதில் சொல்லத் திரும்பினாரு. செருப்புக்கு அடியில கடலத் தோலு. புடிக்கக் கைப்பிடிச் சுவரும் இல்ல." அவள் மூச்சை இழுத்தாள். "நான் கூப்டாம இருந்திருந்தா திரும்பியிருக்க மாட்டாரு அத்த. அதான் சின்ன மாமா கேட்டப்ப வாய் தொறக்க முடியல."

சுலோசனா அவள் புடவையில் இருந்த கறையைப் பார்த்தாள்.

"கிஷோர வந்துடச் சொல்லி நீ கேட்டதே இல்லியா?"

"நீங்க?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனுக்கு லீவு, அன்றைக்குத்தான் போன் வரும். மாடியில் மூன்று பேரும் வரிசையாக நின்று, நாங்க நல்லா கீறோம், நீ வேளைக்குத் துன்னு, ஒடம்ப பாத்துக்க என்று ஒருவர் மாற்றி ஒருவர் அதையே சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, பையன் லைன்ல கீறான். ஏர்போர்ட்டு வெளிய வந்துட்டானாம். கட்டாயிக் கட்டாயிப் போவுது." நாகபூஷணத்தின் குரல் தணிந்தது. "நான் மாடிக்குப் போயி பேசிடட்டுமா?"

சுலோசனா எழுந்து தாழ்ப்பாளைத் திறந்து கையை நீட்டினாள்.

"போன இப்படிக் குடு."

"அது இன்னா சொல்லுச்சு?"

"நாகு, நீ திருச்சானூர்ல எங்களோட வந்து இருந்தியே, மில்லு வேல தேடிக்கினு. யசோதாவத் தூக்கிக்கினு குளத்தாண்ட போவியே."

"இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

"அவள உங்கண்ணன் இன்னான்னு கூப்டுவாரு?"

அவர் எரிச்சலோடு எதையோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது, சத்தம் வரவில்லை. சுலோசனாவுக்குப் பின்னால் கதவோரம் நின்ற தரணியைப் பார்த்தார். தலையில் இருந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு, மாடிப் படியின் முதல் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, அவரைத் தாண்டி சுலோசனா படியேறினாள். சுவரை ஒட்டியே ஏறினாள். பாதி வழியில் நின்று, "நீயும் வா" என்றாள். தரணி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தாள்.

மாடி முழுக்கக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க இடம் விட்ட ஓரத்தில் நின்று போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா? அம்மா, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"சித்தப்பா ஏதோ சொல்லணும்னாரே. இன்னா ஆச்சும்மா? நைனா எப்படி விழுந்தாரு?"

"உனக்கு போன் பண்ண படியேறினாரு. கடலத் தோலு வழுக்கிடுச்சு. தரணி மடியிலதான் உசுரு போச்சு. கடேசியா அவளத்தான் கூப்டாரு."

கீழே பந்தலில் இருந்தவர்கள் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள்.

"டாக்சி புடிச்சிட்டேன்மா. ஒரு மாசம் லீவு குடுத்துக்கீறாங்க. எல்லாக் காரியமும் முடிச்சிட்டு..."

"கிஷோரு."

"சொல்லும்மா."

சுலோசனா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். தரணி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கீழே இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில், மகனை அப்பா என்றே செல்லமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"திரும்பிப் போவாத நைனா. எங்க ரெண்டு பேர்கூட இங்கயே இருந்துடு."