முறுக்கு வீட்டுக்கு வருவது பற்றி

அன்றைக்குச் சங்கரா மீன் குழம்பு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. இளவரசு அதை மூன்று முறை சொல்லிவிட்டான். மூன்றாவது முறை சொன்னதும் அவன் அம்மா மங்கலத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை குழம்பை ஒருமுறை பாராட்டினால் பசி, இரண்டு முறை பாராட்டினால் பாசம், அதற்குமேல் போனால் என்னவோ கேட்கப்போகிறான். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இனிமேலும் தள்ளிப்போட்டால் மறுபடி குழம்பைத்தான் பாராட்ட வேண்டியிருக்கும் என்று இளவரசு விஷயத்தைப் போட்டு உடைத்தான். சிதம்பரத்தில் அவன் சினேகிதன் ராபர்ட் ஒரு பாம்பு வளர்க்கிறான். அவனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பாம்பைத் தான் கொண்டுவந்து இந்த வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா?

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா மணவாளன் மீனின் நடுமுள்ளை அறுபடாமல் உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதற்குத் தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

அம்மா இரண்டடி தள்ளி அதே தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இருக்கும்போது என்னை எதுக்கு கேக்கச் சொல்றீங்க? நீங்க சரின்னா எனக்கென்ன?" என்றாள்.

"அவ சரின்னா எனக்கும் ஒண்ணுமில்ல" என்று அப்பா முள்ளிடம் சொன்னார்.

கடலூர் புதுப்பாளையத்தில் இருந்த அந்த வீட்டில், இளவரசுக்கு நினைவு தெரிந்து யாரும் எதற்கும் கூடாது என்று சொன்னதே இல்லை. எதுவும் நடந்ததும் இல்லை. அப்பா ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிற ஃபைலை அடுத்த மேசைக்கு மரியாதையாக அனுப்பியே யாருடைய பகையும் இல்லாமல் காலத்தை ஓட்டியவர். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். தைக்க முடியாது என்று எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்பியதில்லை. அமாவாசை கழிச்சு வாம்மா என்பாள். இப்படிப்பட்ட இரண்டு பேருக்குப் பிறந்த பிள்ளை ஏழாம் வகுப்பில் ஒரு நாய்க்குட்டி கேட்டான். மனு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தது. வாசலில் கட்டியிருந்த நாய்க்குட்டி அதற்குள் வளர்ந்து, தீர்ப்புக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் கயிற்றை அறுத்துக்கொண்டு, தெருமுனை டீக்கடையில் போய் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தெரிந்தவனைப் பார்ப்பதுபோல் வாலை ஆட்டும்.

பாம்பின் பெயர் முறுக்கு. வெளிநாட்டு இனம், விஷம் கிடையாது, ராபர்ட் அதை முறைப்படி வனத்துறையில் பதிந்தும் வைத்திருந்தான். பழுப்பும் கறுப்புமாக, ஒரு கைத்தடி நீளத்துக்கு இருக்கும். பயம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும். அது பயப்படாத நேரம் குறைவு என்பதால் அந்தப் பெயர்.

இளவரசுக்குச் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவான். அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முகத்தை அந்த லேபில் அவன் கண்டதில்லை. மீசை வைத்த பெரிய மனிதர்கள்கூட அவன் ரப்பர் குழாயைக் கையில் எடுத்ததும் சுவர்க் காலண்டரில் இருக்கிற முருகனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாடி வீட்டு மாலதியின் பெண் குழந்தைக்கு டெங்கு காய்ச்சலின்போது அவன்தான் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தான், உதவிதான் செய்தான். அதற்குப் பிறகு அவன் படியடியில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டாலே அது மேலே வீறிட்டு அழும். அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போய்த்தான் மாட்டுவான். திருடன்கூட இவ்வளவு மரியாதையாக வீட்டைவிட்டுப் போகமாட்டான் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

சாப்பாட்டு இடைவேளையில் ராபர்ட் வீட்டுக்குப் போவது வழக்கம். முதலில் முறுக்கும் எல்லாரையும்போலத்தான் நடந்துகொண்டது, அவன் கை பட்டதும் சுருண்டது. அவனும் விடாமல் தினமும் கையைக் கழுவிக்கொண்டு போய் அதன் பெட்டிக்குள் சும்மா வைத்துக்கொண்டிருப்பான். ஒரு மழை நாளில், சுருளுக்குள்ளிருந்து தலை மெதுவாக வெளியே வந்து, அவன் கட்டைவிரலை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, கையின்மேல் ஏறியது. இளவரசு அப்படியே இருந்தான். மத்தியானம் லேபுக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனதற்கு என்ன காரணம் சொன்னான் என்பது அவனுக்கே ஞாபகம் இல்லை. இப்போது சென்னையிலிருந்து ஒருவர் முறுக்கைக் கேட்டிருக்கிறார். அவரிடம் ஏற்கெனவே பதினைந்து பாம்புகள் இருக்கின்றன. நல்ல மனிதர்தான், ஆனால் பதினைந்தோடு பதினாறாக இருக்கப்போகிற முறுக்குக்காக யார் பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்?

அடுத்த நாளிலிருந்து தனித்தனியாக முயன்று பார்த்தான். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயில் புற்றில் பால் ஊற்றி முட்டை வைத்துவிட்டு வருகிறவள். ஊர்ப் பாம்புக்கெல்லாம் முட்டை வைக்கிறாய், என் ஒரு பாம்புக்கு இடம் இல்லையா என்று கேட்டான்.

"அது சாமிடா. சாமிய பாக்க நாமதான் போவணும். அது நம்மளப் பாக்க வந்தா அர்த்தம் வேற" என்றாள். பிறகு, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, அது என்ன தின்னும் என்று கேட்டாள். எலி என்றான். உறையவைத்த எலி, ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். அம்மா எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவன் அப்போதே கொண்டுவந்து திணித்துவிடுவானோ என்பதுபோல. ஆனாலும், அப்பாவ கேளுடா என்றுதான் சொன்னாள்.

அப்பாவைத் துறைமுகத்துக்கு மீன் வாங்க வண்டியில் கூட்டிக்கொண்டு போகும்போது கேட்டான். தனக்குப் பாம்பென்றால் பயமெல்லாம் ஒன்றும் கிடையாது என்று அவர் பாலம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். பயமில்லாத ஆள் அதை ஒருமுறை சொன்னால் போதும். முடிவில், அம்மாவுக்குத்தான் ஒத்துவராது, அவளை மீறி எப்படி என்று முடித்தார்.

மார்கழிப் பனி இறங்கிவிட்டது. சென்னைக்காரர் சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், யாரோ ஒருவர் முருகனைப் பார்த்துக்கொண்டிருக்க அவர் கையில் இளவரசு பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, ராபர்ட்டிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், உங்கம்மா வந்துருக்காங்கடா."

தில்லை காளி கோயிலுக்குப் போவதாக அல்லவா காலையில் சொன்னாள் என்று இளவரசு யோசித்து முடிப்பதற்குள் ராபர்ட் குரலைத் தாழ்த்தினான். "இப்ப உங்கப்பாவும் உள்ள வராரு. நீ சீக்கிரம் வா."

அப்பா, புவனகிரியில் பழைய சினேகிதருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

கீழ வீதிக்குப் பின்னால் இருந்த ராபர்ட்டின் வீட்டை அவன் ஓட்டமும் நடையுமாக அடைந்தபோது, அம்மாவும் அப்பாவும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. எதிரே மேசையில் முறுக்கின் பெட்டி. ராபர்ட் அவனை வாசலிலேயே நிறுத்தி நடந்ததைச் சொன்னான். அம்மா வந்ததும், தம்பி, நீயே குடுக்கமாட்டேன்னு சொல்லிடுப்பா, நாங்க சொன்னா அவன் மனசு ஒடிஞ்சிடும் என்றாளாம். சரி என்று ராபர்ட் காபி கலக்கப் போயிருக்கிறான். அதற்குள் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, சோபாவில் தன் மனைவியைப் பார்த்து நின்றுவிட்டார்.

இளவரசுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு 'வேண்டாம்' சொல்வதற்குப் பயந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனி பஸ் பிடித்துக் கடலூரிலிருந்து வந்திருக்கிறார்கள். பாதியிலேயே சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஏறி வந்த பஸ் வேறாக இருந்தாலும், இருவரும் வந்தது அவன் மனசு ஒடியக்கூடாது என்றுதான்.

ராபர்ட் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். "நான் ஊர விட்டுப் போறவன் ஆன்ட்டி, என் மேல பழிய போட்டுட்டு நீங்க நிம்மதியா இருக்கலாம்தான். ஆனா அவன் என் ஃப்ரெண்டு. ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் அவன் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு நான் அந்தச் சென்னைக்காரர்கிட்டயே குடுத்துடறேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். மனு இவ்வளவு குறுகிய தூரத்தில் போய்வந்து இளவரசு பார்த்ததில்லை. முறுக்கு அந்தச் சென்னைக்காரரிடம்தான் போகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. கடைசியாகத் தண்ணீராவது மாற்றிவைப்போம் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தான். அப்பாவின் கால்கள் இரண்டும் அவரைக் கேட்காமலே சோபாவின்மேல் ஏறிக்கொண்டன.

முறுக்கு இறுகச் சுருண்டு கிடந்தது. தலை எங்கே என்றே தெரியவில்லை.

"அது ஏன் மூஞ்சிய ஒளிச்சி வச்சிருக்கு?" என்றாள் அம்மா.

"உங்களப் பாத்து பயம் ஆன்ட்டி. அதுக்குத் தெரிஞ்ச சண்டையே அவ்ளோதான்."

"எங்களப் பாத்தா?" என்றார் அப்பா. ஒரு காலைக் கீழே இறக்கினார்.

இளவரசு கையை உள்ளே வைத்தான். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சநேரத்தில் மறந்தும்போனான். தெருவில் யாரோ பால்காரரைக் கூப்பிட்டார்கள், ராபர்ட்டின் காபி ஆடை கட்டியது. சுருளின் நடுவிலிருந்து ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. கட்டைவிரலைத் தொட்டது. பிறகு சுருள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, அவன் மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டது.

அம்மா பாம்பைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலதி புள்ள உன்னைப் பாத்தா இன்னும் அழுவுதாடா?" என்று கேட்டாள்.

"அழுவுதும்மா."

"அதான் செருப்ப கையில எடுத்துக்கினு போறியா?"

அது அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். இது பேச்சுக்குத்தான் கேட்பது, முடிவு எதுவும் இல்லை என்ற முன்னுரையோடு, அந்த எலியை ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில் வைப்பதா மேல் தட்டில் வைப்பதா என்று விசாரித்தார்.

"ஃப்ரிட்ஜ் கிடையாது" என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட முதல் 'கிடையாது' அது. சொன்ன அம்மாவுக்கே முகம் சிவந்துவிட்டது. அப்பா அவளை ஒரு புது மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மாவு வைக்கற ஃப்ரிட்ஜுல எலிய வைக்க உடமாட்டேன்" என்று, நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்பதுபோல் அம்மா வேகமாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமைல எலி குடுக்கக் கூடாது. என் மெஷின்கிட்ட வரக் கூடாது. ஜாக்கெட் தைக்க வரவங்க கண்ணுல படக் கூடாது."

கூடாதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இளவரசு தலையை ஆட்டினான். தன்னிடம் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கிறது, நாளைக்கு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன் என்றான் ராபர்ட். அப்பா தன் பங்குக்கு ஏதாவது கூடாது சொல்ல வேண்டும் என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. இதுக்குப் பனி ஆகாதே, சாயந்தரமாயிடுச்சே, எதில் கொண்டுபோவது என்றார். கார் வைத்துத்தான் போக வேண்டும் என்று முடிவானது. சரி என்று மட்டும் இரண்டு பேரில் யாரும் சொல்லவில்லை.

வாடகைக் கார் நிற்கிற இடம் வீதி முனையில் இருந்தது. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இளவரசு பின்னால் வந்தான். ஒரு ஓரத்தில் காற்றுக்காகப் போட்ட துளைகளுக்குப் பின்னால் முறுக்கின் நாக்கு, கற்பூரமும் மல்லிகையும் பஜ்ஜி எண்ணெயும் கலந்த அந்த வீதியை ருசிபார்த்து உள்ளே போய், திரும்ப வந்தது. முன்னால் அப்பா முறுக்குக்குச் சூடு கொடுக்கிற விளக்கைத் தூக்கிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களிடமிருந்து அதை ஒதுக்கி ஒதுக்கி நடந்தார். அதன் ஒயர் தரையில் இழுபட்டு, கோலத்தின்மேல் வெள்ளையாகக் கோடு போட்டுக்கொண்டே போனது. இரண்டடி பின்னால் வந்த அம்மா குனிந்து ஒயரின் முனையை எடுத்தாள். ஒட்டியிருந்த கோலப்பொடியை முந்தானையில் துடைத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு, தளரவும் விடாமல் இழுக்கவும் விடாமல், அவர் நடைக்குத் தன் நடையைச் சரிபண்ணிக்கொண்டு போனாள்.