எந்த ஜோடு?

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை அளந்துகொண்டிருந்த ஐம்பத்தெட்டாம் வருஷம். குன்றின்மேல் நின்று, தூரத்துக் குன்றுகளில் நட்ட கொடிகளைப் பைனாகுலரில் தேடிப் பிடித்து நோட்டில் குறிப்பது உமாபதியின் வேலை. பன்னிரண்டு வருஷமாக மலை ஏறிய மனுஷன். பாழாய்ப்போன கண், போன தை மாதம் கண்ணாடி கேட்டுவிட்டது. கண்ணாடிக்காரன் கொடி பார்ப்பானா என்று புது சர்வே ஆபீசருக்குச் சந்தேகம். இன்றைய சோதனையில் தேறாவிட்டால் சித்தூர் ரெக்கார்டு ரூமில் தூசி தட்டப் போகவேண்டும். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. செத்தாலும் போவதில்லை என்று உமாபதி முடிவு கட்டியிருந்தான்.

சோதனைக்கு இரண்டு பைனாகுலர்கள் வந்திருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவேண்டும். ஆபீசருக்குப் பெரியதன்மேல்தான் கண். கழுத்தில் மாட்டினால் கலெக்டர் களை வருகிறதாம்.

வடமாலபேட்டைக்கு மேலே, உச்சி வெயிலில் பாறை கொதித்தது. "ஜோடு தீசி சூடு" என்று தெலுங்கில் உத்தரவு போட்டுவிட்டு ஆபீசர் வரைபடத்தைப் பிரிக்கத் திரும்பிக்கொண்டார். அவர் கோதாவரிப் பக்கத்துக்காரர். அங்கே ஜோடு என்றால் மூக்குக்கண்ணாடியாம். உமாபதிக்குத் தெரிந்த ஜோடு காலில் கிடந்தது. வடமேற்கே திருமலை தெரிகிறதே, ஆபீசருக்குப் பக்தி அதிகம்போல என்று நினைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். தெலுங்கில் 'தீசி' என்றால் 'கழற்றி', 'சூடு' என்றால் 'பார்'. தமிழ்ச் சூடு உள்ளங்காலில் ஏறியது.

பெரியதைத் தூக்கினான். அம்மிக்குழவி கனம், கை நடுங்கியது. கண் வைக்கும் பக்கத்து ஆழமான விளிம்பு கண்ணாடியில் 'டக்'கென்று இடித்து, மலையெல்லாம் காலணா அளவுக்குச் சுருங்கிவிட்டது. சின்னது கைக்குள் அடங்கியது. விளிம்பு ஆழமில்லாமல் இருந்ததால் கண்ணாடியோடு வைத்தும் சரிவு முழுவதும் விரிந்தது. ஒரு கொடி, இரண்டு கொடி. மூன்றாவதைக் காணோம். கால் பொசுங்கியது. கண்டுபிடிக்காமல் நகரமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் தெரிந்தது: துணி கழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆபீசர் திரும்பினார். மூக்கின்மேல் கண்ணாடி இருக்கிறது, காலில் செருப்பில்லை. உமாபதியின் கண்ணாடியைக் காட்டி, சொன்ன பேச்சைக் கேளாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று சீறினார். உமாபதிக்கு இப்போது விஷயம் விளங்கியது. பயம் வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது, கோபத்தில் தமிழும் வந்தது.

"கண்ணாடிய எடுத்துட்டா கொடி தெரியும் சார், நோட்டுல எழுதறது தெரியாது. ஒவ்வொரு தபாவும் கழட்டிக்கினு மாட்டிக்கினு இருந்தா பொழுது பூடும். நாள் பூரா இத்தப் புடிச்சிக்கினு நிக்கறவன் நானு. எனுக்கு சின்னதுதான் தோது. மூணாவது கொடி கழியில சுத்திக்கினு கீது, நீங்களே பாருங்க."

ஆபீசர் பெரியதை எடுத்துப் பார்த்தார். கை ஆடியதில் மலையும் ஆடியது. சின்னதை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதி, வாசித்தும் காட்டினார்: சின்னதே ஏற்றது, ஜோடு போட்டவரும் பயன்படுத்தலாம்.

உமாபதி கொப்புளம் கண்ட காலைச் செருப்புக்குள் நுழைத்தான்.

"எந்த ஜோடுன்னு எழுதிடுங்க சார். சித்தூர்ல செருப்புன்னு நெனச்சிக்கப் போறாங்க."

ஆபீசர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். 'ஜோடு' என்பதற்கு முன்னால் 'கண்' என்று சேர்த்து எழுதிவிட்டு, சின்னப் பைனாகுலரை எடுத்துத் தம் கையாலேயே உமாபதியின் கழுத்தில் மாட்டினார்.